ஃபைல் பிரிண்டருக்குப் போறதில்ல

இன்னைக்குப் பேசப்போறது பிரிண்ட் எடுக்கிறதைப் பத்தி. மவுஸைத் தொடாம, டெர்மினல்ல ஒரே ஒரு வரி அடிச்சு எடுக்கிற பிரிண்ட். "இப்பல்லாம் யாருங்க பிரிண்ட் எடுக்கிறாங்க?"ன்னு கேக்கிறவங்க ஏப்ரல் மாசத்துல ஒருதடவை சிதம்பரம் அண்ணாமலை நகர் பக்கம் போய்ப் பாருங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தீசிஸ், வைவாவுக்கு மூணு காப்பி, ஸ்பைரல் பைண்டிங். ஜெராக்ஸ் கடை வாசல்ல செருப்பு விட இடம் இருக்காது. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் போனா அதே கூட்டம், ஆனா கையில மனுவும் அஃபிடவிட்டும் இருக்கும்.

நான் கடலூர்க்காரன். காலேஜ் படிச்சது சிதம்பரத்துல. 2011-ல சேர்ந்தேன். சாயங்காலம் ஆனா எங்க மாமாவோட ஜெராக்ஸ் கடையில உக்காந்திருப்பேன். அந்த வருஷம் செப்டம்பர்லதான் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சுது. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்ல விண்டோஸோட சேர்த்து 'பாஸ்'னு ஒரு லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கினது, டெபியனை அடிப்படையா வெச்சது. நம்மாளுங்க நிறைய பேர் அதை முதல் வாரமே அழிச்சுட்டாங்க. மாமா பையனுக்குக் கிடைச்ச லேப்டாப்ல மட்டும் அது தப்பிச்சுது. காரணம் தத்துவம் எல்லாம் இல்ல. அதுல வைரஸ் பிடிக்கல. ஒரு நாளைக்கு நூறு பேரோட பென்டிரைவ் சொருகுற கடையில அது பெரிய விஷயம்.

சரி, கமாண்டுக்கு வருவோம். எல்-பி. ரெண்டே எழுத்து. எல்பி, ஒரு ஸ்பேஸ், ஃபைல் பேரு, என்டர். முடிஞ்சுது. ஒண்ணுக்கு மேல பிரிண்டர் இருந்தா ஹைஃபன் சின்ன டி போட்டு பிரிண்டர் பேரு. ஹைஃபன் என் போட்டா எத்தனை காப்பி. ஹைஃபன் பெரிய பி போட்டா எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் வரை. மேக்புக் வெச்சிருக்கிறவங்களும் கேளுங்க, இது உங்களுக்கும் ஓடும். லினக்ஸ்லயும் மேக்லயும் பின்னாடி வேலை செய்யறது 'கப்ஸ்'னு ஒரே சிஸ்டம்தான். மைக்கேல் ஸ்வீட்ங்கிறவர் 90-கள் கடைசியில எழுத ஆரம்பிச்சது. ஆப்பிள் 2002-ல அதை எடுத்துக்கிச்சு.

எல்பிஆர்னு இன்னொரு கமாண்டும் இருக்கு. எல்பி, யூனிக்ஸோட சிஸ்டம் ஃபைவ் கிளையில இருந்து வந்தது. எல்பிஆர், பெர்க்லி கிளையில இருந்து வந்தது. கப்ஸ்ல ரெண்டும் ஓடும். ஆனா ஒரு கண்ணி: எல்பில பெரிய பி-ன்னா பக்கம், எல்பிஆர்ல அதே பெரிய பி-ன்னா பிரிண்டர் பேரு. கலந்து அடிச்சா "44-112-ன்னு ஒரு பிரிண்டரே இல்ல"ன்னு திட்டு வாங்குவீங்க. ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோங்க. நான் எல்பி கட்சி.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க என்டர் தட்டினதும் ஃபைல் பிரிண்டருக்குப் போறதில்ல. க்யூவுக்குத்தான் போகுது. உங்க ஃபைலோட நகல் ஒண்ணு ஸ்பூல் ஃபோல்டர்ல உக்காருது, அதுக்கு ஒரு டோக்கன் நம்பர் விழுது. பிரிண்டர் பேரு, ஹைஃபன், 57-ன்னு திரையில வரும். பிரிண்டர் சும்மா இருக்கும்போது கப்ஸ் அந்த வரிசையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுக்குது. பிரிண்ட் பட்டனை அமுக்கி, ஒண்ணும் வரலைன்னு இன்னும் அஞ்சு தடவை அமுக்கி, அப்புறம் மொத்தமா ஆறு காப்பி வந்து விழறதைப் பார்த்திருப்பீங்களே? அந்த மனுஷனுக்குக் க்யூ கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். எல்பிஸ்டாட்னு அடிச்சா தெரியும். ஹைஃபன் ஓ போட்டா வரிசையில யார் யார் இருக்காங்க, ஹைஃபன் பி போட்டா பிரிண்டர் ஓடுதா நின்னுருச்சா. கேன்சல்னு அடிச்சு டோக்கன் நம்பரைக் கொடுத்தா அந்த ஒண்ணு மட்டும் போயிடும்.

இது எவ்வளவு உதவும்னு எனக்குப் புரிஞ்சது 2012-ல. அந்த வருஷத்துக் கரண்ட் கட்டை நான் சொல்லவே வேண்டாம், சென்னைக்கு வெளிய வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டுட்டுப் போனது 2011 டிசம்பர் 30. அதுல இருந்து எழுந்திருக்கறதுக்குள்ள மணிக்கணக்குல பவர் கட். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, பிரிண்டருக்கு இல்ல. யுபிஎஸ் போடலாமேன்னு கேப்பீங்க. லேசர் பிரிண்டர் சூடாகும்போது இழுக்கிற கரண்டை சின்ன யுபிஎஸ் தாங்காது.

அப்போ கடை எப்படி நடந்துச்சு? கரண்ட் இல்லாதப்பவும் ஜாப் வாங்குவோம். பென்டிரைவைச் சொருகி, எல்பி அடிச்சு, டோக்கன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துடுவோம். "போய் டீ குடிச்சுட்டு வாங்க தம்பி." கரண்ட் வந்ததும் வரிசைப்படி அடிக்கும். முன்னாடி வந்தவருக்கு முன்னாடி. சண்டை இல்ல.

சிக்கல் எங்கன்னா, ஒரு ஜாப் பாதியில இருக்கும்போது கரண்ட் போறது. 112 பக்க ரிப்போர்ட், 43-வது பக்கம் உள்ள மாட்டிக்கிட்டுக் கசங்கிக் கிடக்கு. நாளைக்குக் காலையில வைவா. அந்தப் பொண்ணு கவுன்ட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, வீட்டுல இருந்து பிரிண்டுக்குன்னு கணக்காத்தான் காசு கொடுத்து விட்டிருக்காங்க. கரண்ட் வந்ததும் அப்படியே விட்டா அந்த ஜாப் மறுபடி முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுடும். 42 தாள் வீண், பின்னாடி நிக்கிற பத்து பேருக்கும் தாமதம். அதனால கரண்ட் போன உடனே, அட்மின் உரிமையோட, கப்ஸ்டிசேபிள்னு அடிச்சு பிரிண்டர் பேரைக் கொடுப்போம். க்யூ நின்னுடும், ஆனா புது ஜாப் சேர்ந்துக்கிட்டே இருக்கும். பாதியில நின்ன ஜாபை கேன்சல் பண்ணிட்டு, அதே ஃபைலை பெரிய பி போட்டு 43-112-ன்னு திரும்ப அனுப்புவோம். அது வரிசையில கடைசிக்குப் போயிடுமே? அதுக்கு ஹைஃபன் க்யூ. 1-ல இருந்து 100 வரை முன்னுரிமை கொடுக்கலாம், எதுவும் சொல்லலைன்னா 50. அந்தப் பொண்ணு ஜாபுக்கு 100. கரண்ட் வந்து, பிரிண்டர் சூடானதும் கப்ஸ்எனேபிள். மூணு காப்பி வேணும்னா ஒரே ஜாபா அனுப்பாம மூணு தனி ஜாபா அனுப்புறதும் அப்ப வந்த பழக்கம்தான். எது போச்சு, எது மிச்சம்னு தெளிவா இருக்கும்.

கடையில இருந்தது எச்பி லேசர்ஜெட் 1020. இந்தியா முழுக்க ஜெராக்ஸ் கடைகள்ல பார்த்திருப்பீங்க, சின்னதா, சாம்பல் கலர்ல. அதுல ஒரு சுவாரசியம் இருக்கு. தன்னோட ஃபர்ம்வேரை அது உள்ள நிரந்தரமா வெச்சுக்காது. ஆஃப் ஆகி ஆன் ஆகும்போது ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் அதை ஊட்டணும். கோளாறு இல்ல, மாடலோட அமைப்பே அப்படி. விண்டோஸ்ல டிரைவரே பார்த்துக்கும். லினக்ஸ்லயும் பெரும்பாலும் தானா நடக்கும். நடக்கலைன்னா கேட் கமாண்டால அந்த ஃபர்ம்வேர் ஃபைலை நேரா டெவ், யுஎஸ்பி, எல்பி ஜீரோவுக்குத் தள்ளணும். பிரிண்டரே ஒரு ஃபைல் மாதிரி நிக்கும், நாம அதுல எழுதுறோம். உள்ள மோட்டார் 'விர்ர்'னு ஒருதடவை சுத்தும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கரண்ட் போற ஊர்ல அஞ்சு தடவை அதுக்குச் சோறூட்டினோம். (லினக்ஸ் கெர்னல்ல 'எல்பி ஜீரோ தீப்பிடிச்சிருக்கு'ன்னு நிஜமாவே ஒரு மெசேஜ் உண்டு. நான் இன்னும் நேர்ல பார்க்கல.)

ரெண்டு பக்கமும் அடிக்கிற வசதி அந்த மாடல்ல தானா கிடையாது. ஹைஃபன் ஓ, பேஜ்-செட் ஈக்வல் ஆட்-னு போட்டு ஒற்றைப்படைப் பக்கம் மட்டும் அடிச்சு, தாளைத் திருப்பி வெச்சு, ஈவன்-னு போட்டு இரட்டைப்படை. எந்தப் பக்கம் திருப்பணும்னு முதல்ல நாலு பக்கத்துல சோதிச்சுப் பாருங்க.

நேரம் குறிச்சும் அனுப்பலாம். ஹைஃபன் பெரிய எச், அப்புறம் மணி. இதுல நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது, அது இந்திய நேரம் இல்ல, யுடிசி. சாயங்காலம் 5:30-க்கு அடிக்கணும்னா 12:00-ன்னு கொடுக்கணும்.

அடுத்து தமிழ். தமிழ்ல அடிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைலை அப்படியே எல்பிக்குக் கொடுத்தா கட்டம் கட்டமா வரலாம், இல்ல கொம்பு இடம் மாறி வரலாம். 'கெ'ங்கிற எழுத்து கம்ப்யூட்டருக்குள்ள முதல்ல 'க', அப்புறம் கொம்புன்னுதான் பதிவாகுது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னாடி கொண்டுவர ஒரு தனி வேலை நடக்கணும். கப்ஸோட சாதாரண டெக்ஸ்ட் ஃபில்டர் அதைச் செய்யறதில்ல. அதனால லிப்ரே ஆபீஸ்ல ஹெட்லெஸ், கன்வர்ட்-டு பிடிஎஃப்னு டெர்மினல்லயே மாத்திட்டு அந்த பிடிஎஃபை அனுப்புங்க. இல்லைன்னா 'பாப்ஸ்'னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கு, அது பாங்கோவைப் பயன்படுத்துறதால தமிழைச் சரியா அடுக்கும். மனுவுல கலெக்டர் பேரே கொம்பு தப்பி வந்தா நல்லாவா இருக்கும்?

கடைசியா, கடை வெச்சிருக்கிறவங்களுக்கும் ஆதார் காப்பி எடுக்கக் கடைக்குப் போறவங்களுக்கும். இப்ப வர்ற கப்ஸ்ல, பிரிண்ட் முடிஞ்ச ஃபைல்கூட உடனே அழியாது. மாத்தாம விட்டா 86,400 செகண்ட், அதாவது முழுசா ஒரு நாள், ஸ்பூல் ஃபோல்டர்லயே இருக்கும். ஹைஃபன் ஐ போட்டு டோக்கன் நம்பர், பெரிய எச் போட்டு ரீஸ்டார்ட்னு கொடுத்தா அதே ஜாப் திரும்ப அடிக்கும். ஒரு பக்கம் தெளிவா விழலைன்னு பத்து நிமிஷம் கழிச்சு வர்றவருக்கு அது உதவி. அதே ஆதாரை ராத்திரி கடை மூடின பிறகு இன்னொருத்தர் அடிக்கவும் அதே வழிதான். அந்த ஃபோல்டருக்குள்ள சாதாரண யூசரால எட்டிப் பார்க்க முடியாது, சரி. அட்மின் பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்துல ஒட்டி வெச்சிருக்கிற கடையில? கப்ஸ் கான்ஃபிக் ஃபைல்ல 'பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்'னு ஒரு வரி இருக்கு. அதுக்கு 'நோ' போட்டு கப்ஸை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. திரும்ப அடிக்கிற வசதி போயிடும். போகட்டும், வாடிக்கையாளர்கிட்ட இன்னொரு தடவை ஃபைல் கேட்டுக்கலாம். மாமா கடையில இப்ப அப்படித்தான் ஓடுது. வாட்ஸ்அப்ல வந்து குவியற ஃபைலை என்ன பண்றதுன்னு மாமா கேட்டுக்கிட்டே இருக்கார். அதை அடுத்த எபிசோடுல பேசுவோம்.