கேமராவை மாற்றும் முன்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

பொங்கல் விழாப் படங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும், "கேமரா சரியில்லை சார், புதுசு வாங்கணும்" என்று மூன்று பேர் சொன்னார்கள். வாங்காதீர்கள். முதலில் லென்ஸைத் துடையுங்கள். படம் பனிமூட்டமாகத் தெரிந்தால் பல நேரம் விரல் ரேகைதான் காரணம். வேட்டி முனை வேண்டாம். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி போதும்.

நம் ஹால் கண்ணுக்குத்தான் பளிச்சென்று இருக்கிறது. கேமராவுக்கு அது இருட்டு. ஆட்டோவில் விட்டால் ஷட்டர் மெதுவாக மூடும். கோலாட்டம் ஆடும் குழந்தையின் கை வெறும் கோடாகிவிடும். டயலை 'எஸ்' என்ற இடத்துக்கு (கேனானில் 'டிவி') திருப்பி 1/250 வையுங்கள். ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றுங்கள். மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். வரட்டுமே! புள்ளி விழுந்தாலும் முகம் தெரியும். ஆடிப்போன முகத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வது பெரும்பாடு.

சிலர் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் இருந்தன. கேமராவில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100 வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். ஆட்டத்துக்கு அந்த வேகம் பற்றாது, உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போதும்.

பின்வரிசையிலிருந்து பிளாஷ் அடிக்கும் அன்பர்களே, சின்ன கேமராவின் பிளாஷ் மூன்று நான்கு மீட்டர்தான் எட்டும். மேடைக்குப் போகாது, முன்னால் இருப்பவரின் வழுக்கைதான் ஜொலிக்கும்.

போன வருடம் நம் பிளாக்கில் ஒரு மாமாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது. நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் மாமாவுக்குப் பின்னால் ஜன்னல், முகம் கருநிழல். இன்று மாமா இல்லை. சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் தேடினார்கள், ஆதார் அட்டைப் படம்தான் கிடைத்தது. ஆளை ஜன்னல் பக்கம் முகம் காட்டி உட்காரச் சொல்லியிருக்கலாம். முடியாவிட்டால் +/- பொத்தானில் +1 வைத்திருந்தாலே முகம் தெரிந்திருக்கும், ஜன்னல் வெளுத்துப் போனாலும்.

வங்கியில் "கவுண்டரை விட்டு நகரும் முன் நோட்டை எண்ணிக்கொள்ளுங்கள்" என்போம். படத்துக்கும் அதேதான். எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். ஆள் எழுந்து போவதற்குள் இன்னொன்று எடுக்கலாம்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஹாலில் இருப்பேன். கேமராவோடு வாருங்கள், பேட்டரியை சார்ஜ் செய்துகொண்டு.