சுண்ணாம்பும் சித்திரமும்

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மே தினத்துக்கு நமது சங்கக் கட்டிடத்தின் வெளிச்சுவரில், ஏலத்தோட்டத்துப் பெண்கள் காய் எடுக்கும் காட்சியைச் சித்திரமாக எழுதினோம். எல்லோரும் பாராட்டினீர்கள். ஐப்பசி மழை வந்தது. சித்திரம் கரைந்து சாக்கடையோடு போய்விட்டது. "நமக்கு இரசாயனம் தெரியாததால் வந்த வினை" என்றேன். "சித்திரத்துக்கும் இரசாயனத்துக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த தடவை நல்ல ஆளாகப் பார்ப்போம்" என்றார் ஒரு இளம் தோழர். எழுதிய தோழர் நல்ல ஆள்தான். தவறு எங்கே என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ம் ஆண்டில் இராஜராஜ சோழன் கட்டி முடித்தான். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருந்தன. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு! நம்முடையது ஆறு மாதம் கூட நிற்கவில்லை. அது மழை படாத உட்சுவர், நம்முடையது வெளிச்சுவர். அது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமல்ல.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்ற இரசாயன அறிஞர் இருந்தார். 1930-களில் தஞ்சைச் சுவரின் பூச்சையும் வர்ணங்களையும் சோதித்தார். வர்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பேதான் என்று கண்டார். பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் எழுதியிருக்கிறார்கள்.

இதில் என்ன நடக்கிறது? சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுடுகிறோம். கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது, நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது! ஈரத்தில் வைத்த வர்ணம் அந்தக் கல்லுக்குள் சிறைப்பட்டுவிடும். நாம் என்ன செய்தோம்? என்றோ காய்ந்துபோன சுவரில், வர்ணப் பொடியை வெறும் தண்ணீரில் கரைத்து எழுதினோம். பிடித்து நிறுத்த எதுவுமில்லை. மழை கழுவிக்கொண்டு போயிற்று.

எந்த வர்ணமும் இதற்கு ஆகுமா? ஆகாது. இதை நமது தாய்மார்கள் அறிவார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் ஆரத்தியாகச் சிவந்துவிடுகிறதே! செடியிலிருந்து வரும் நிறங்கள் பலவும் சுண்ணாம்பின் காரத்துக்கு மாறிவிடும். அதனால்தான் சோழர் காலத்து ஓவியன் காவிக்கல், மஞ்சள் மண், பச்சை மண், கரி என்று சுண்ணாம்புக்கு அசையாத பொருள்களை எடுத்தான். காவிக்கு நிறம் கொடுப்பது இரும்புத் துரு. அது ஏற்கெனவே துருவாகிவிட்ட பொருள். மேற்கொண்டு கெட அதில் ஒன்றுமில்லை. மஞ்சள் மண்ணைச் சுட்டால் அதுவும் சிவக்கும். இதையெல்லாம் அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கைப்பழக்கத்தில் கற்றான்.

அந்தக் கைப்பழக்கம் நம்மிடமும் இருக்கிறது, தோழர்களே! விடியுமுன் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறிப்போகும் பெண்கள் எடுத்த காய் ஸ்டோருக்கு வருகிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சலவைச் சோடா கரைத்து, பத்து நிமிடம் காயை ஊறவைத்துப் பிறகு சூட்டறையில் உலர்த்துவது ஒரு முறை. எதற்காக? இலைப் பச்சையின் நடுவே மக்னீசியம் என்ற உலோகம் இருக்கிறது. சூடு ஏறும்போது காயிலுள்ள புளிப்பு அந்த மக்னீசியத்தைப் பிடுங்கிவிடும், பச்சை பழுப்பாகிவிடும். சோடா அந்தப் புளிப்பை அடக்குகிறது. சூடு கூடினாலும் நிறம் போகும். குறைந்தாலும் காய் கெடும். இரவு முழுதும் கண்விழித்து அந்தச் சூட்டைக் காக்கிறவன் செய்வது இரசாயனம். தட்டில் பச்சையைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவளின் கண் ஓவியனின் கண்!

ஏலத்தில் பச்சைக்கு விலை உண்டு. அந்தப் பச்சையைக் காத்த கைக்கு என்ன விலை?

பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு ஆடல் மகளிரின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த வீடுகளும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சித்திரத்தை எழுதியவர் யார், சுண்ணாம்பு நீற்றியவர் யார் என்பது நமக்குத் தெரியாது. நமது போடி ஜமீன் அரண்மனைச் சுவரிலும் இராமாயணச் சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ஜமீன் சித்திரங்கள் என்றுதானே சொல்கிறோம்? "கலை படித்தவர்களுக்கு, விஞ்ஞானம் மேதைகளுக்கு, பாடுபடுகிறவனுக்குக் கூலி போதும்" என்று சொல்வோர் உண்டு. அந்தப் பேச்சை நாமே நம்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து. கலையைத் தாங்குவது பொருளைப் பற்றிய அறிவு. அந்த அறிவைச் சேர்த்தது உழைப்பாளியின் கை. ஆகவே இரண்டிலும் நமக்குப் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் இரசாயனப் பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது அவர்கள் வீட்டுச் சொத்து.

இனி செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இந்தத் தடவை கூடத்தின் உட்சுவரில் எழுதுவோம். சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றித் தண்ணீருக்கடியில் வைப்போம். நீற்றும்போது கண் பத்திரம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒரு நாளில் எழுதக்கூடிய அளவுக்கு மட்டும் பூசி, ஈரத்திலேயே எழுதுவோம். காவியும் கரியும் போதும். ஏலச்செடிக்குப் பச்சை வேண்டுமே. கடையில் வாங்கும் பொடியை முதலில் ஈரச் சுண்ணாம்பில் குழைத்துச் சில நாள் வைத்துப் பார்ப்போம். நிறம் மாறாவிட்டால் எடுத்துக்கொள்வோம்.

சித்திரத்தின் மூலையில் எழுதியவர் பெயரைப் போடுவோம். அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், சுண்ணாம்பு குழைத்தவர் பெயரையும் போடுவோம்!