படுக்கையருகே இருப்பவர்



பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். 1993 முதல் திருஅவை இந்த நாளை உலக நோயாளர் நாளாகவும் கடைப்பிடித்து வருகிறது. அம்மாவோ அப்பாவோ ஊரில் மருத்துவமனையில் படுத்திருக்க, தொலைவிலிருந்து செய்திக்காகத் தவிக்கும் பிள்ளைகளை இன்று நினைத்துப் பார்ப்போம். அப்படித் தவித்தவர்களில் நாமும் ஒருவர்.

உடன்பிறந்தோர் நாங்கள் நான்கு பேர். மூத்த அண்ணன் குவைத்தில், அக்கா பெங்களூருவில், குருவானவராகிய நாம் இந்தப் பங்கில். கடைசித் தங்கை மட்டும் ஊரில் அம்மாவோடு. திருவருகைக் காலத்தில் ஓர் இரவு, அம்மாவுக்கு மூச்சுத் திணறி தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அன்று முதல் நாங்கள் மூவரும் மாறி மாறித் தங்கையை அழைத்தோம். ஆக்ஸிஜன் எவ்வளவு? டாக்டர் என்ன சொன்னார்? பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாமா? ஒருவர் கேட்டதையே மற்றவரும் கேட்டோம். மூன்றாம் நாள் தங்கை போனை எடுக்கவில்லை. எங்களுக்குக் கோபம் வந்தது. கடைசியில் எடுத்தவள் சொன்னாள்:

“அண்ணே, அம்மாவப் பார்க்க காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ள விடுறாங்க. மத்த நேரமெல்லாம் உங்களுக்குத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன். நேத்து ராத்திரியிலிருந்து நான் சாப்பிடல. அத ஒருத்தரும் கேக்கலையே.”

அன்று மாலைத் திருப்பலியில் நமக்கு மறையுரை வரவில்லை.

யோவான் நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் ஓர் அரச அலுவலரைப் பார்க்கிறோம். அவர் மகன் கப்பர்நாகூமில் சாகும் நிலையில் கிடக்கிறான். தகப்பன் கானாவில் இயேசுவைக் கண்டு, உடனே வரும்படி மன்றாடுகிறார். இயேசு அவரோடு போகவில்லை. மகன் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்புகிறார். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் கிளம்புகிறார். மறுநாள் வழியில்தான் பணியாளர்கள் நல்ல செய்தியோடு எதிரே வருகிறார்கள். இடையில் ஓர் இரவு முழுவதும் அவருக்கு எந்தத் தகவலும் இல்லை.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் தகப்பனின் நம்பிக்கையைப் பற்றியே பேசி வந்தோம். இந்த முறை பணியாளர்கள் கண்ணில் பட்டார்கள். காய்ச்சல் எந்த மணிக்கு விட்டது என்று தகப்பன் கேட்கிறார். அவர்கள் சரியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அருகில் இருந்திருக்கிறார். அவர்கள் பெயரை நற்செய்தியாளர் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பணியாளர் எங்கள் தங்கை.

அதன்பின் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். மாலையில் டாக்டர் பார்த்துப் போன பிறகு, அக்கா மட்டும் ஒரு முறை தங்கையோடு பேசுவார். மற்றவர்களுக்கு அவர் சொல்வார். அண்ணன் மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொண்டார். இரவில் தங்கை தூங்கட்டும் என்று சித்தி மகள் வந்து இருந்தாள்.

நாம் என்ன செய்வது? எத்தனையோ நோயாளிகளுக்கு எண்ணெய் பூசியிருக்கிறோம். பெற்ற தாய்க்குப் பூச அன்று அருகில் இல்லை. தொலைபேசியில் செபிக்கலாம், எண்ணெய் பூச ஒரு கை பக்கத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை இருக்கும் பங்கின் குருவானவரை அழைத்துக் கேட்டுக்கொண்டோம். அவரைக் கண்டதும் அம்மா, “அவஸ்தை குடுக்க வந்திட்டீங்களா சாமி?” என்று பயந்தாராம். நம் பெரியவர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. நோயில் பூசுதல் சாகும் வேளைக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோய் கடுமையாகும்போதே குருவானவரை அழையுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய நல்ல காரியம் இது.

அம்மா வீடு திரும்பினார். இப்போது ஆள் பிடித்தால்தான் நடக்கிறார். எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை என்பதும் தெரியும். விடியற்காலை அழைப்பு வந்து, விமானம் ஏறி, அடக்கத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தவர்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: இலாசர் நோயுற்ற செய்தி இயேசுவுக்கும் போனது. அவர் வந்தபோது கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அங்கே அவர் கண்ணீர் விட்டார். பிந்தி வந்தவர்களின் கண்ணீரை அவர் அறிவார்.

அன்பானவர்களே, உங்கள் பெற்றோரின் படுக்கையருகே இன்று இருப்பவர் யார்? தங்கையா, மருமகளா, கூலிக்கு வந்த செவிலியா? இன்றிரவு அவரை அழைத்தால், முதலில் “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். பிறகு மற்றதைக் கேட்கலாம்.

இரக்கமுள்ள ஆண்டவரே, நாங்கள் போய்ச் சேர முடியாத இடத்தில் நீர் இரும். எங்களுக்குப் பதிலாக அங்கே விழித்திருப்பவர்களுக்கு வலிமை தாரும். ஆமென்.