கெட்டிமேளம் கொட்டும்போது லென்ஸ் மாத்த முடியாது

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "கல்யாணம் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன், ஒரு கேமரா இருக்கு, கையில கொஞ்சம் காசும் இருக்கு. எந்த ஜூம் லென்ஸ் வாங்கட்டும்?" 24-70ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம், யூடியூப்ல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. ஆனா எந்த லென்ஸ்ங்கிறதை முடிவு பண்றது மண்டபம். அதனால மண்டபத்துல இருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு முகூர்த்தத்தை மனசுல கொண்டு வாங்க. மேடையில ஹோம குண்டம், ஐயர், ரெண்டு பக்கத்து அப்பா அம்மா, தாய்மாமன், நாத்தனார், பின்னாடி பத்துப் பதினைஞ்சு சொந்தக்காரங்க. இது போக வீடியோ எடுக்கிறவர், அவருக்கு லைட் பிடிக்கிற பையன், ட்ரெடிஷனல் போட்டோகிராஃபர். இத்தனை பேருக்கு நடுவுல நமக்குக் கிடைக்கிறது ரெண்டு அடி இடம். ஐயர் கையைத் தூக்கினதும் கெட்டிமேளம். உடனே எல்லாரும் எழுந்து அட்சதை போட ஆரம்பிச்சிடுவாங்க. முதல் முடிச்சு மாப்பிள்ளை, பல வீடுகள்ல அடுத்த ரெண்டு முடிச்சை நாத்தனார் போடுவாங்க. ஒரு நிமிஷம் கூட இருக்காது. ரிசப்ஷன்ல கேக்கை இன்னொரு தடவை வெட்டச் சொல்லலாம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள வீட்டுக்காரங்க என்னென்ன எதிர்பார்க்கிறாங்கன்னு பாருங்க. முடிச்சு போடுற கை வேணும். பொண்ணோட முகம் வேணும். அட்சதை காத்துல பறக்கிற மாதிரி மொத்த மேடையும் வேணும். ஓரமா நின்னு கண்ணைத் துடைக்கிற அம்மாவும் வேணும், ஆல்பத்துல அதைத்தான் எல்லாரும் நின்னு பார்ப்பாங்க. இதை ஒரே லென்ஸ்ல எடுக்க முடியுமான்னு ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

ஃபுல் ஃபிரேம் கேமராவோட சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். 36-ஐ லென்ஸோட மில்லிமீட்டரால வகுத்து, நீங்க நிக்கிற தூரத்தால பெருக்குங்க. படத்துல எவ்வளவு அகலம் வரும்னு தோராயமா கிடைச்சிடும். மேடை மேலேயே 2 மீட்டர் தள்ளி 24-ல எடுத்தா 3 மீட்டர் வரும், மாப்பிள்ளை பொண்ணோட ரெண்டு பக்கத்துப் பெற்றோரும் அடங்கிடுவாங்க. மேடைக்குக் கீழே 6 மீட்டர் தள்ளி நின்னு 70-ல எடுத்தாலும் அதே 3 மீட்டர்தான். அங்கிருந்தே 200-க்குப் போனா ஒரு மீட்டர் சொச்சம், அதாவது ஒரு முகமும் ரெண்டு கையும். ஆக 24-70-ங்கிறது மேடை மேல நிக்கிறவனோட லென்ஸ், 70-200 கீழே நிக்கிறவனோட லென்ஸ். ரெண்டு எண்ணும் 70-ல ஒட்டிக்கிறதால ஒண்ணு முடியுற இடத்துல இன்னொண்ணு தொடங்குதுன்னு தோணும். நடைமுறையில அது நீங்க எங்க நிக்கிறீங்கங்கிற விஷயம்.

இப்போ ரெண்டாவது கேமரா ஏன்னு புரியும். லென்ஸைக் கழட்டி மாட்டப் பத்துப் பதினைஞ்சு நொடி ஆகும், ரெண்டு கையும் வேணும், வெளியே எடுத்த லென்ஸை வைக்க ஒரு இடமும் வேணும். அட்சதையும் ஹோமப் புகையும் பறக்கிற இடத்துல சென்சாரைத் திறந்து வைக்கிறதைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டாம். ரெண்டு கேமரா இருந்தா ஒண்ணைக் கீழே விட்டுட்டு இன்னொண்ணைத் தூக்கினா போதும். அதோட, நடு முகூர்த்தத்துல ஒரு கேமரா படுத்துடுச்சுன்னா இன்னொண்ணு தோள்ல தொங்கிட்டிருக்கும். "ரெண்டு கேமரா மாட்டினா சும்மா சீன்"னு சிலர் சொல்வாங்க. காசு வாங்கிட்டு ஒருத்தர் கல்யாணத்தை எடுக்கும்போது ஒரே ஒரு கேமராவோட போறதுதான் எனக்குத் தைரியமா தெரியுது.

அடுத்தது அபர்ச்சர். எஃப் 2.8-க்கும் 4-க்கும் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம். வெளிச்சம் கம்மியான மண்டபத்துல 2.8-ல ஐஎஸ்ஓ 3200 வைக்கிற இடத்துல 4-ல 6400 வைக்கணும். இன்னைக்கு வர்ற கேமராக்கள்ல அது தாங்கும். ஆனா கேமராவோட வர்ற 18-55 கிட் லென்ஸ் 55-க்குப் போனதும் 5.6 ஆயிடும். அப்போ 12800. பொண்ணோட பட்டுப்புடவை ஜரிகையெல்லாம் மணல் மாதிரி ஆகிற இடம் அதுதான். அதனால பட்ஜெட் இடிச்சா, எல்லா தூரத்துலயும் 4-ஆவே இருக்கிற ஜூமுக்குப் போங்க. ஜூம் பண்ணப் பண்ண இருட்டாகிற லென்ஸ் வேண்டாம்.

கிராப் சென்சார் வச்சிருக்கிறவங்க இந்த எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. 1.5-ஆல பெருக்கணும், கேனான்ல 1.6. 24-70 உங்களுக்கு 36-105 மாதிரி வேலை செய்யும், மேடை மேல நின்னா பாதிக் குடும்பம் வெளியே போயிடும். உங்களுக்கு சிக்மா 18-50, டாம்ரான் 17-70 மாதிரி 2.8 லென்ஸ்கள்தான் சரி. விலையும் கம்மி, எடையும் கம்மி.

24-ல குரூப் போட்டோ எடுக்கிற பழக்கம் இருந்தா மட்டும் விட்டுடுங்க. ஓரத்துல நிக்கிறவங்க பக்கவாட்டுல இழுபடுவாங்க, பெரும்பாலும் அந்த ஓரத்துலதான் பெரியத்தை நிப்பாங்க. நாலு அடி பின்னாடி போய் 35-க்கு மேல வச்சு எடுங்க.

சரி, எடை. சோனி ஏ7 4 பாடி பேட்டரியோட 658 கிராம், புது 70-200 ஜி மாஸ்டர் 1045. அது மட்டும் 1.7 கிலோ. இன்னொரு பாடியில 24-70 ஜி மாஸ்டர் 2 மாட்டினா 1.35. ஆக மொத்தம் 3 கிலோ, ஃபிளாஷ் தனி. காலையில நாலு மணி மேக்கப் ரூம்ல இருந்து மதியப் பந்தி வரைக்கும் இதைக் கழுத்துல போடுற சமாச்சாரம் வேண்டவே வேண்டாம். ரெண்டு தோள்லயும் எடையைப் பிரிக்கிற டபுள் ஹார்னஸ் வாங்குங்க. 70-200-ஐ பாடியில மாட்டித் தொங்க விடாம லென்ஸோட ட்ரைபாட் காலர்ல மாட்டுங்க, மவுன்ட்டுக்கு இழுவை வராது. குனியும்போது தொங்குற கேமராவைக் கையால பிடிச்சுக்கோங்க. மேடையில குத்துவிளக்கு எரியுது, சுத்தி சின்னப் பசங்க ஓடுறாங்க, ஒரு கிலோ லென்ஸ் சரியா அவங்க தலை உயரத்துலதான் ஆடும்.

"இவ்வளவு எதுக்கு, 35-150 ஒண்ணே போதாதா?"ன்னும் கேட்டிருக்கீங்க. டாம்ரானோட அந்த 2-2.8 லென்ஸ் சோனிக்கும் நிக்கானுக்கும் இருக்கு, உண்மையிலேயே நல்ல லென்ஸ். ஆனா 2 மீட்டர்ல 35-க்கு வர்ற அகலம் 2 மீட்டர்தான். மேடைக்குப் பத்தாது. அப்பவும் 20 பக்கம் ஒரு அகல லென்ஸோட இன்னொரு பாடி வேணும். எடை கொஞ்சம் குறையும், கேமரா எண்ணிக்கை குறையாது.

இன்னொரு விஷயத்தை யாரும் பெரும்பாலும் சொல்றதில்லை. ரெண்டு கேமரா ஒரே மாடலா இருந்தா நல்லது. பட்டன் ஒரே இடத்துல இருக்கும், பேட்டரி மாத்திக்கலாம், நிறமும் ஒத்துப்போகும். வேற வேற மாடல்னா ஃபோகஸ் நல்லா பிடிக்கிறதுல 70-200 மாட்டுங்க, 200-ல ஃபோகஸ் கொஞ்சம் விலகினாலும் கண் தெரியாது. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் கடிகாரத்தைச் சரி பண்ணுங்க. போன்ல நொடி ஓடுற கடிகாரத்தைத் திறந்து ரெண்டு கேமராலயும் ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. நேரம் விலகியிருந்தா எவ்வளவு விலகல்னு அந்தப் படம் சொல்லும், லைட்ரூம்ல மொத்தமா மாத்திடலாம். இல்லைன்னா வரிசைப்படுத்தும்போது தாலி கட்டினதுக்கு அப்புறம் மாலை மாத்துவாங்க.

இப்போ காசு விஷயம். ஒரு கேமராதான் இருக்குன்னா, என் கணக்குல முதல் செலவு 2.8-ல ஒரு 24-70 அல்லது 28-75. ரெண்டாவது செலவு, பழசா இருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு பாடி. அதுல ஒரு 85 பிரைம் மாட்டிட்டா சின்ன மண்டபங்கள் ஓடிடும். 70-200-ஐ அவசரப்பட்டு ஈஎம்ஐல வாங்காதீங்க, சென்னையில வாடகைக்குக் கிடைக்குது. ஒரு நாள் முன்னாடியே எடுத்து வீட்ல எடுத்துப் பழகிடுங்க.

அஞ்சாறு கல்யாணம் முடிஞ்சதும் லைட்ரூம் கிளாசிக்ல லைப்ரரி ஃபில்டரைத் திறந்து மெட்டாடேட்டால ஃபோக்கல் லெங்த்தைப் பாருங்க. எடுத்த எல்லாத்தையும் பார்க்காதீங்க, ஆல்பத்துக்குப் போன படங்களை மட்டும் பாருங்க. 135-க்கு மேல கொத்துக் கொத்தா இருந்தா 70-200 வாங்குங்க. பத்துப் பதினைஞ்சு படம்தான்னா, அந்தக் காசுல ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்கிட்டு மீதியைக் கையில வைங்க. எந்த ஃபிளாஷ்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம்.