ஒரு துளி இரத்தம்



நீரிழிவு என்னும் நோயை நம்மூரவர் சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும் வழங்குவர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்ட பழைய ஆயுர்வேத நூலார் இதற்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். பதினேழாம் நூற்றாண்டிலே தோமஸ் உவில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் அந்நீரைச் சுவைத்தே பார்த்து, தேனைப் போல் இனிக்கின்றது என எழுதிவைத்தார். அக்காலத்து வைத்தியத் தொழில் எளிதானதன்று! நல்ல வேளையாக, நாவின் வேலையைப் பின்னர் இரசாயனம் ஏற்றுக்கொண்டது. பெனடிக்ற் என்ற அமெரிக்கர் 1908ஆம் ஆண்டளவில் வகுத்த நீல நிறக் கரைசலில், சீனி கலந்த சிறுநீரைச் சில துளி சேர்த்துச் சூடாக்கினால், அது பச்சை, மஞ்சள் என மாறி, ஈற்றிலே செங்கல் நிறங்கொள்ளும். நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் மாணவர் குளுக்கோசுக்கு இச்சோதனையை இன்றுஞ் செய்கின்றனர். கலைப் பட்டதாரியாகிய நான் வாயிலில் நின்று அந்நிறமாற்றத்தைக் கண்டு வியந்ததுண்டு.

ஆயினும் சிறுநீர் காலந்தாழ்த்திப் பேசும் சாட்சி. இரத்தத்திலே 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்ற அளவைச் சீனி கடந்த பின்னரே சிறுநீரகம் அதனை வெளியே விடுகின்றது. அந்நீரும் பல மணி நேரமாகச் சேர்ந்தது. சற்று முன் நிகழ்ந்ததை அது கூறமாட்டாது. இன்னுமொன்று: 1922ஆம் ஆண்டு தொடக்கம் நோயாளர் இன்சுலின் ஏற்றிக்கொள்ளலாயினர். மருந்து மிகுந்து சீனி அளவுக்கு மேல் குறைந்தால் மயக்கமும் மரணமுங்கூட நேரலாம். அவ்வாபத்தைப் பற்றிச் சிறுநீர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆகவே இரத்தத்தையே அளத்தல் வேண்டும். அதுவும் விரைவாக, சிறு துளியில், அடிக்கடி அளத்தல் வேண்டும்.

இதற்கு வழிகண்டவர்களுள் ஒருவர் லீலண்ட் கிளாக். இவர் முதலில் நீரிழிவைப் பற்றி எண்ணியவரல்லர். ஒகையோ மாநிலத்தில், சத்திரசிகிச்சையின்போது சுவாசப்பையின் வேலையைச் செய்யத்தக்க ஒரு பொறியை அமைத்து, இரத்தத்துக்கு ஒட்சிசனை ஊட்டிக்கொண்டிருந்தார். அதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரையைச் சஞ்சிகையொன்று ஏற்கவில்லை. இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் சேர்ந்தது என்பதை அவர் அளந்து காட்டவில்லை என்பதே காரணம். அளப்பதற்குக் கருவி வேண்டுமே! பிளாத்தின மின்வாயை இரத்தத்தில் இட்டால் புரதங்கள் படிந்து அதனைக் கெடுத்துவிடும். கிளாக் 1954இல் அம்மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்தினார். ஒட்சிசன் படலத்தினூடே புகுந்தது. புரதம் வெளியே நின்றது. மின்னோட்டம் ஒட்சிசனின் அளவைக் காட்டிற்று.

கட்டுரை மறுக்கப்பட்டமையால் உலகுக்குக் கிடைத்த கருவி இது. சஞ்சிகை ஆசிரியர்களின் கண்டிப்பு இங்கே பயன்பட்டது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; அதற்கு மாறான ஒரு கதையையும் சற்று நேரத்தில் கூறவிருக்கின்றேன். 1962இல் கிளாக்கும் லையன்ஸ் என்பவரும் அப்படலத்தின்மேல், குளுக்கோசை மட்டும் தேர்ந்து தாக்கும் ஒரு நொதியத்தைச் சேர்க்கும் முறையை வெளியிட்டனர். அந்நொதியம் குளுக்கோசை மாற்றும்போது ஒட்சிசனைச் செலவிடும். ஒட்சிசன் எவ்வளவு குறைகின்றதோ, அதிலிருந்து சீனியின் அளவை அறியலாம்.

இதற்கிடையில் அதே நொதியத்தை வேறொரு வழியிலே பயன்படுத்தியோரும் உளர். இந்தியானா மாநிலத்து ஏம்ஸ் நிறுவனத்தார் 1960களின் நடுப்பகுதியில் ஒரு காகிதக் கீற்றை வெளியிட்டனர். அதில் ஒரு துளி இரத்தத்தை இட்டு, ஒரு நிமிடங் கழித்துக் கழுவினால், நீல நிறந் தோன்றும். நிறத்தின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்காள் வேறுபாடு உண்டாகவே, அங்கே பணியாற்றிய அன்ரன் கிளெமன்ஸ், நிறத்தை ஒளியால் அளந்து முள்ளினாற் காட்டும் கருவியொன்றை அமைத்தார். 1970ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த அதன் நிறை மூன்று இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு.

இக்கருவி யாருக்காக வந்தது? வைத்தியர்களுக்காக. மயங்கிக் கிடப்பவர் நீரிழிவு நோயாளியா, மதுவருந்தியவரா என்று இரவுநேரத்தில் வைத்தியசாலையில் தெரிந்துகொள்ள இது உதவும் என்பது விற்றோரின் எண்ணம். றிச்சட் பேர்ன்ஸ்ரீன் என்ற பொறியியலாளர் 1969இல் இதன் விளம்பரத்தைக் கண்டார். பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவால் வருந்தியவர் அவர். சிறுநீரகமும் பழுதுறத் தொடங்கியிருந்தது. வாங்க முயன்றபோது, நோயாளிக்கு விற்பதில்லை என்ற விடையே கிடைத்தது. அவருடைய மனைவி ஒரு வைத்தியர். அவர் பெயரால் 650 டொலருக்குக் கருவியை வாங்கி, நாளுக்கு ஐந்து முறை தமது இரத்தத்தைத் தாமே சோதித்தார். ஒரே நாளில் சீனி மிக மேலேறி மிகக் கீழிறங்குவதைக் கண்டார். உணவையும் இன்சுலினையும் அதற்கேற்பத் திருத்தியபின் உடல் தேறிற்று.

தாம் கண்டதை அவர் எழுதியனுப்பினார். வைத்தியச் சஞ்சிகைகள் ஏற்கவில்லை. கிளாக்கிடம் அளவைக் கேட்டது நியாயம்; இங்கோ அளவுகள் கையிலிருந்தும், அளந்தவர் வைத்தியரல்லர் என்ற குறை நின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது. வேறு வழியின்றி, நாற்பத்தைந்தாம் வயதில் அவர் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார். தொண்ணூறாம் வயதில், 2025இல், காலமானார். அவருடைய கருத்தின் அடிப்படைக்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளரை வைத்து நடத்தி 1993இல் முடிவு வெளியிடப்பட்ட ஆய்வு வலுச் சேர்த்தது. சீனியை இயல்பு நிலைக்கு அண்மையில் வைத்திருந்தோருக்குக் கண் நோய் தோன்றும் வாய்ப்பு 76 வீதம் குறைந்தது.

இதன் பின்னரும் பழைய தயக்கம் விட்டபாடில்லை. தோலின்கீழ் மெல்லிய உணரியைச் செருகிச் சீனியை இடையறாது அளக்கும் கருவி 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மூன்று நாட்களுக்குக் கணக்கெழுதும். அக்கணக்கை வைத்தியர் பின்னர் பார்ப்பார். உடம்பிற் சுமந்தவருக்கு எண் தெரியாது! இன்றைய உணரிகளோ உடையவரின் கைத்தொலைபேசியிலேயே எண்ணைக் காட்டுகின்றன. அவை இரத்தத்தையன்றி உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரை அளப்பதனால், சீனி விரைந்து ஏறியிறங்கும் வேளையில் சில நிமிடம் பிந்தியே காட்டும். உடம்பு கூறும் குறிக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லாவிடின் விரலில் ஒரு துளி எடுத்துச் சரிபார்ப்பது வழக்கம்.

நம் நாட்டிலே பலர் மாதமொருமுறை கிளினிக்குக்குச் சென்று ஓர் எண்ணை அறிந்து வருகின்றனர். நாளுக்கு ஐந்து எண் பெற்றவர் கண்டதை இந்த ஓர் எண் காட்டாது. கீற்றின் விலையோ ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. இயன்றவர் எப்போது, எத்தனை முறை சோதிப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டறியலாம். வீட்டிற் கருவி வைத்திருப்போர், கீற்றுக்களை ஈரம் புகாமல் அவற்றின் போத்தலிலேயே இறுக மூடிவைக்க வேண்டும். மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், கருவி பழத்தின் சீனியையும் சேர்த்தே அளந்துவிடும்.