ஒப்பந்தம் முடிந்தால் யாருடைய வேலை முடிகிறது?



சென்னையில் மூன்று மண்டலங்களின் குப்பை அள்ளும் ஒப்பந்தம் 2000இல் ஓனிக்ஸிடம் போனது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. நிறுவனங்கள் மாறின, துடைப்பம் நம் சேரிகளின் கையிலேயே இருந்தது.

ஒப்பந்தத்தை இழந்த நிறுவனம் அடுத்த ஊருக்குப் போகும். நம்மைப் புதிய நிறுவனம் எடுத்துக்கொண்டால் வேலை, இல்லையென்றால் தெரு. எடுத்துக்கொண்டாலும் பழைய உழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. ஒப்பந்த முறையைத் தடைசெய்தாலும் தொழிலாளர் தானாகவே நிரந்தரமாகிவிட முடியாது என 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தது, தனியாரிடம் தள்ளப்படுவதை எதிர்த்துத்தான்.

குப்பை அள்ள நிரந்தரமாகச் சில சாதிகள் வேண்டும்; அவர்களுக்கு நிரந்தர வேலை மட்டும் கூடாதா? ஆட்குறைப்பைச் சங்கத்தின் பிரச்சினை என்று ஒதுக்காமல், சாதி ஒழிப்பின் கேள்வியாக நாம் எழுதுவோம்; மாநகராட்சியே நேரடியாகப் பணியமர்த்தும்வரை கேட்போம்.