பொட்டலத்தில் எழுதாத கூலி

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, குச்சனூர்)



பண்டிதர் அயோத்திதாசர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். அவர் நினைவில் நாம் கூடுகிற கூட்டம் இம்முறை மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையில் வந்திருக்கிறது. குச்சனூரில் சனிக்கிழமை என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிச் சனி அளவுக்கு இல்லையென்றாலும் கோயில் பக்கம் வேன்கள் வந்து நிற்கின்றன. எள்ளும் நல்லெண்ணெயும் விற்றுக்கொண்டிருக்கின்றன. அந்த எள்ளை அறுத்து, கட்டி, போர் வைத்து, காய்ந்த பிறகு உலுப்பி எடுத்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி என்று தீபம் போடுகிற யாரும் கேட்பதில்லை. கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் இதே இரண்டாவது சனிக்கிழமையைப் பல நாடுகளில் 'உலக நியாய வணிக நாள்' என்று கொண்டாடுகிறார்கள். விளைவித்தவருக்கு உரிய விலை போய்ச் சேர்ந்ததா என்று வாங்குகிறவர் கேட்க வேண்டும் என்பது அந்த நாளின் நோக்கம். அந்தக் கேள்வியை நம் ஊரில், நம் மேடையில் எப்படிக் கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

நாங்கள் ஒருமுறை அதை அரைகுறையாகக் கேட்டு மாட்டிக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் 14 அன்று, புத்தகக் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு 'நியாய வணிகப் பொருட்கள்' என்று பேனர் கட்டினோம். ஏலக்காய், மிளகு, காப்பித்தூள். மாணவர்கள் துண்டறிக்கை கொடுத்தார்கள். விற்பனையும் மோசமில்லை. பொட்டலத்தின் மேல் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண்ணின் படம் இருந்தது. பல வருடம் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்த ஓர் அக்கா அந்தப் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பொம்பளைக்கு என்ன சம்பளமாம் தம்பி?"

எங்களுக்குத் தெரியவில்லை. பொட்டலத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டோம். விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று மிகவும் பொறுமையாக விளக்கினார்கள். காய் எடுக்கிறவர்களின் கூலியைக் கேட்டதும், அது அந்தந்தத் தோட்டத்தைப் பொறுத்தது என்றார்கள். அக்கா பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "போட்டோ எடுத்தவனுக்காச்சும் நல்லாக் குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நாங்கள் சிரித்தோம். பிறகு பல நாள் அந்தச் சிரிப்பு எங்களைச் சும்மா விடவில்லை.

நியாய வணிகம் என்பதை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. அதன் வரலாறு மதிப்புக்குரியது. 1860இல் நெதர்லாந்தில் ஒரு நாவல் வெளிவந்தது. பெயர் 'மாக்ஸ் ஹாவெலார்'. ஜாவாத் தீவின் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்துதான் டச்சுக்காரர் காப்பி வருகிறது என்பதை அது வெளிச்சம் போட்டது. 128 ஆண்டுகள் கழித்து, 1988இல், மெக்சிகோவின் சிறு காப்பி விவசாயிகளுக்காக அந்த நாட்டில் ஒரு முத்திரை தொடங்கியபோது அதற்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். இலக்கிய மன்றத்தில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை, அதற்கு மேல் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒரு கூடுதல் தொகை: இதுதான் ஏற்பாடு. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ஸ்டாங் என்ற சிற்றூர் தன்னை உலகின் முதல் நியாய வணிக ஊர் என்று அறிவித்துக்கொண்டது. செய்தது பெரிய மாயம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம், தேவாலயம், கடைக்காரர்கள் என்று எல்லோரையும் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். நியாய வணிகப் பொருளையும் உள்ளூர் விவசாயிகளின் பொருளையும் ஒரே இலையில் பரிமாறினார்கள். பிறகு ஊர்க்கூட்டம் போட்டுக் கை தூக்கினார்கள். நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தில் சில ஆயிரம் சிறு விவசாயிகள் நியாய வணிகக் கூட்டமைப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் விதைத் திருவிழாவில் விதை பரிமாற்றமும் நடக்கும், பெண் விவசாயியின் உரிமையும் பேசப்படும்.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் இதில் நாம் எங்கே இருக்கிறோம்?

முந்நூறு ஆண்டுகளுக்குள் நடந்த ஒரு கதையைச் சொன்னால் எங்கள் சங்கடம் விளங்கும். அடிமை வணிகத்தை ஒழிக்கும் முயற்சியை 1791இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் தோற்கடித்தது. கோபமுற்ற குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அடிமைகள் உழைத்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வாங்க மறுத்தார்கள். அதற்கு மாற்றாக இந்தியச் சர்க்கரை வந்தது. 1820களில் சர்க்கரைக் கிண்ணங்களின் மேலேயே 'கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல' என்று பொறித்து விற்றார்கள். உலகின் முதல் நியாய வணிக முத்திரை என்று அதைச் சொல்லலாம். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி வங்காளத்திலிருந்து போனது. ஆனால் அந்த 'கிழக்கிந்திய' என்ற சொல்லுக்குள் அன்றைய சென்னை மாகாணமும் அடக்கம். அங்கே நம் முன்னோரைப் பண்ணையோடு சேர்த்து விற்றுக்கொண்டும் அடகு வைத்துக்கொண்டும் இருந்தார்கள். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல 1843இன் ஐந்தாவது சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கிண்ணம் வாங்கிய அந்த அம்மாக்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குச் சாதி தெரியாது. கிண்ணத்துக்கும் தெரியவில்லை.

இப்போது வருகிற முத்திரைகளுக்கும் அது சரியாகத் தெரிவதில்லை. நியாய வணிகத்தின் கணக்கு நிலத்தில் தொடங்குகிறது. சிறு விவசாயிகளின் அமைப்பில் உறுப்பினர் ஆவதற்குக் கொஞ்சமாவது நிலம் வேண்டும். கூடுதல் தொகையை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது அந்த உறுப்பினர்களின் கூட்டம். கூலியாட்களைப் பற்றி விதிகளில் வரிகள் இருக்கின்றன. பெருந்தோட்டங்களுக்குத் தனி விதிகளும் இருக்கின்றன. ஆனால் நாலு ஏக்கர்காரருடைய தோட்டத்துக்கு நாலு நாள் காய் எடுக்கப் போகிறவர் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருப்பதில்லை. லண்டனின் சோவாஸ் கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் பல ஆண்டுகள் களப்பணி செய்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். முத்திரை பெற்ற அமைப்புகள் இருந்த பகுதிகளில் கூலிக்காரர்களின் நிலை மற்ற இடங்களைவிட மேலாக இல்லை, பல இடங்களில் கீழாகவே இருந்தது என்பது அவர்கள் கண்டது. ஒப்பீடு சரியில்லை என்று முத்திரை அமைப்பு மறுத்தது. அந்த விவாதம் இருக்கட்டும். கேள்வி மட்டும் நம் அக்கா கேட்ட அதே கேள்விதான்.

நிலம் நம் கையில் ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892இல் பஞ்சமருக்கென்று ஒதுக்க ஆணையிட்ட நிலம் எங்கே போனது? அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது ஏறக்குறைய 9 விழுக்காடு. மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. ஆகவே 'சிறு விவசாயியை வாழ வை' என்கிற முழக்கத்தை நாம் சொல்லும்போது, பஞ்சமி நிலத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போனவர்களாகிவிடுவோம்.

ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் விடிவதற்கு முன்பே பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்கு நிற்பதைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். நெருக்கியடித்து உட்கார்ந்து மெட்டு ஏற வேண்டும். ஏலச்செடி காய்ப்பது அடித்தூரில். நாளெல்லாம் குனிந்தே எடுக்க வேண்டும். மருந்தடித்த வாடை போகாத தோட்டத்துக்குள்ளும் இறங்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அந்த ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. செய்தித்தாள்கள் கொண்டாடின. மெட்டு ஏறிய கூலி அந்த வேகத்தில் மெட்டு ஏறவில்லை. போடியில் காயைத் தரம் பிரிக்கிற பெண்களின் கணக்கும் அப்படித்தான். இதில் எந்த இடத்தில் நியாயம் என்று முத்திரை குத்துவது?

இன்னொரு பக்கமும் உண்டு. நம் கை விற்கிற கையாக மாறினால் என்ன நடக்கிறது? பாபாசாகேப் அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புதிதில் பம்பாயில் பங்குச் சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்று நடத்தினார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், நிறுவனம் மூடப்பட்டது. நூறு ஆண்டு கழித்து 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை அந்தப் பெற்றோர்கள் விரட்டினார்கள். சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்று வெளிப்படையாகப் பெயர் வைத்தே ஊறுகாயும் மசாலாவும் விற்க இறங்கினார். அந்தப் பெயரே ஒரு சோதனை: வாங்குகிறாயா, இல்லையா? தேயிலை கிள்ள நம் கை வேண்டும், டீக்கடைக் குவளையில் மட்டும் நம் வாய் படக் கூடாது என்றிருந்த நாட்டில் இந்தச் சோதனை இல்லாமல் நியாய வணிகம் பேச முடியாது. பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய காலம் சுதேசி முழக்கத்தின் காலம். அந்நியப் பொருளை வாங்காதே என்று எல்லோரும் சொன்னபோது, சாதியைக் கட்டிக்கொண்டு சுதேசி பேசுகிறவர்களை அவர் கேள்வி கேட்டார். எந்தப் பொருளை வாங்குவது என்பதற்கு முன்னால், யார் யாரோடு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தவர் அவர்.

அப்படியானால் மேசையைச் சுருட்டிவிடலாமா? வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அதற்குத் தெம்பு கொடுத்தவர்கள் இரண்டு இடத்துப் பெண்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' என்று எழுந்த தேயிலைத் தொழிலாளிகள். பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்து, குறைத்த போனசைத் திரும்ப வாங்கினார்கள். அவர்கள் கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் 232 ரூபாயாக இருந்த நாள்கூலி 301 ஆனது. மற்றது நம் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல். 2021 ஜனவரியில் ஆடை ஆலை ஒன்றின் தலித் இளம்பெண், மேற்பார்வையாளரின் தொல்லைக்குப் பிறகு கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமை தாங்குகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலையோடும், அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. பாலியல் தொல்லையும் சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளிகளே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். வாங்கும் நிறுவனம் பின்வாங்க முடியாத, சட்டப்படிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று இன்று உலகத் தொழிற்சங்கங்கள் அதைப் படிக்கின்றன. அட்டையில் சிரிக்கும் படத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

ஆகவே மேசை தொடரும், கொஞ்சம் மாறி. நம் கூட்டங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை வைக்கிறோம். விலை ஒரு வரி. விளைவித்தவருக்குப் போனது ஒரு வரி. எடுத்தவர், பிரித்தவர், நெய்தவரின் நாள்கூலி ஒரு வரி. பதில் சொல்ல மறுப்பவர்களின் பொருளை வைப்பதில்லை. நிலமில்லாத பெண்களின் குழுக்கள் குத்தகைக்கு எடுத்து விளைவித்ததற்கு முதல் இடம். பேச்சாளர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். இருபது வருடமாக பாலியஸ்டர் சால்வை போர்த்துகிறோம், அதை நெய்தது எந்த ஆலை என்று இன்றுவரை யாரும் விசாரித்ததில்லை. விடுதித் தம்பி தங்கைகள் இந்தக் கோடையில் ஜீப் நிற்கிற இடங்களுக்குப் போய்க் கூலிக் கணக்கு எழுத ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம், எந்த மெட்டு, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினார்கள், கையில் என்ன வந்தது என்பது போதும்.

கூட்டம் முடிந்ததும் வெளியே வாருங்கள். டீ இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே குவளை. மேசையில் ஏலக்காயும் வைத்திருக்கிறோம். அதன் அட்டையில் இரண்டு வரி எழுதியாகிவிட்டது. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. நேற்று தோட்டத்துக்குப் போய்வந்த அக்காமார் நாலைந்து பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்; பேனா மேசையிலேயே இருக்கிறது.